விதைக்கு விட்டிருந்த பூ

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவனிடம் போய், "நல்ல சரக்கு இதுதான்" என்று கையைக் காட்டிப் பாருங்கள். நீங்கள் காட்டிய பக்கம் அவன் பார்க்க மாட்டான். உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான். நான் அப்படித்தான் வளர்ந்தேன். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் கடையில் உட்கார்ந்தபோது எனக்குப் பதினேழு வயது, இப்போது ஐம்பத்தொன்பது. மஞ்சள், மிளகாய், மல்லி, புளி என்று மூட்டை மூட்டையாகப் பார்த்த கண்ணுக்கு எங்கே போனாலும் ஒரே சந்தேகம்தான். முன்னால் இருப்பது இரண்டாம் தரம், முதல் தரம் உள்ளே இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் "அடிச்சட்டியில நல்ல கறி இருக்கும், அதுல இருந்து போடுப்பா" என்று நான் சொல்லிவிடுவேன் என்று என் மனைவி எப்போதும் பயப்படுவாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கு முப்பது வருடமாகப் பேச்சு வாங்குகிறேன்.

இதையெல்லாம் முதலில் சொல்வது எனக்கு வக்காலத்து வாங்கிக்கொள்ள அல்ல. நான் சொல்லப்போவது ஒரு திருட்டைப் பற்றி. திருடியவன் நான்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் திருடியது ஐந்து பூ.

பூத்தோட்டத்துக்குப் போகலாம் என்றது என் மனைவி. பையன்கள் இருவரும் வெளியூரில் குடும்பமாகிவிட்ட பிறகு அவளுக்குத் துணை மாடியில் இருக்கும் எட்டுத் தொட்டிகள்தான். அதில் ஒன்று கூட ஒழுங்காகப் பூத்ததில்லை. பேட்டைத் தெருவின் மிளகாய் நெடியில் பூ எப்படிப் பூக்கும்? ஒருநாள் கைபேசியில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். கொல்லிமலையில் ஒரு குடும்பம் பூத்தோட்டம் போட்டிருக்கிறதாம். நாமே உள்ளே போய், கத்தரிக்கோலும் கூடையும் வாங்கிக்கொண்டு, வேண்டிய பூவை நாமே வெட்டிக்கொள்ளலாமாம்.

"காசும் நாம கொடுத்து, வேலையும் நாமளே செய்யணுமா?" என்றேன். "நம்ம கடைக்கு வந்து மூட்டைய நீங்களே தூக்கிக்கங்கன்னு சொன்னா எவன் வருவான்?"

"கல்யாணமாகி முப்பத்து மூணு வருசத்துல என்னை ஏதாவது ஒரு மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கும் நான் சரக்குப் பார்க்கப் போய்விடுவேன். அப்படி நாமகிரிப்பேட்டைக்கு மஞ்சள் பார்க்கப் போனதெல்லாம் நூறு தடவை இருக்கும். அங்கிருந்து அந்த மலை கண்ணெதிரே தெரியும். ஒருமுறைகூட ஏறியதில்லை.

மழை விட்டுக் குளிர் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் கிளம்பினோம். வளைவு ஏற ஏற அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். அப்போதும் "திரும்பிப் போயிரலாம்" என்று நான் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டு, மிளகுக்கொடி சுற்றிய மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தகரக் கூரை போட்ட வீடு. அதன் பின்னால் சரிவில் படிப்படியாக இறங்கும் பாத்திகள். செண்டுமல்லி, வாடாமல்லி, ஜீனியா, ஆஸ்டர் எல்லாம் தனித்தனிப் பாத்தியில். வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரர். பதினைந்து வருடம் ரிக் வண்டியில் வடக்கே ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போட்டவர், உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்து குத்தகைக்கு எடுத்த நிலம் இது என்றார். பூவெல்லாம் அவருடைய மனைவியின் வேலை. அந்த அம்மா மெலிந்த உடம்பு, வேகமான கை. கல்லூரியில் படிக்கும் மகள்தான் வீடியோ எடுத்துப் போடுகிறவள், அன்று ஊரில் இல்லை.

"வாங்க பாய், வாங்கக்கா" என்றார் அந்த அம்மா. கூடையையும் கத்தரிக்கோலையும் கொடுத்துவிட்டு, "எந்தப் பாத்தியில வேணும்னாலும் வெட்டிக்கலாமுங்க. துணி கட்டினது மட்டும் வேண்டாங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மஞ்சள் வந்து இறங்கியதும் குத்தூசி விட்டுப் பார்ப்போம். நல்ல நிறமாக, உடைத்தால் டப்பென்று முறிகிற விரலி மஞ்சள் மூட்டைகளை ஒதுக்கி, அவற்றின் வாயில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டிவிடுவோம். அது வாடிக்கையான பெரிய பார்ட்டிகளுக்கு. புதிதாக வருகிற ஆள் அந்த மூட்டையைக் கை காட்டினால், "துணி கட்டினது மட்டும் வேண்டாங்க" என்போம். வார்த்தை மாறாமல் அதேதான். நாற்பது வருடமாக நான் சொல்லிவருகிற வசனத்தை மலை மேல் ஒருத்தர் என்னிடமே சொல்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

அந்தத் துணி கட்டிய செடிகள் கடைசிப் பாத்தியில் இருந்தன. கோழிக்கொண்டைப் பூ. கோழிக்கொண்டை என்றால் ரத்தச் சிவப்பாகத்தானே பார்த்திருக்கிறோம்? இது வேறு நிறம். நல்ல மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் சேர்த்துக் குழைத்தால் ஒரு நிறம் வருமே, அது. மடிப்பு மடிப்பாக, என் இரண்டு கையையும் விரித்து வைத்த அகலத்துக்கு ஒவ்வொரு கொண்டையும் இருந்தது. அந்தப் பாத்தியில் மற்றதெல்லாம் வெட்டி முடிந்து வெறும் தண்டாக நின்றன. ஐந்தே ஐந்து செடியில் மட்டும் பூ. ஐந்திலும் பச்சைப் பூப்போட்ட சேலைக் கிழிசல் கட்டியிருந்தது.

பாத்தி ஓரத்தில் ஒரு முக்காலி இருந்தது. அந்த அம்மா அதில் உட்கார்ந்துதான் காவல் பார்க்கிறார் என்பது பிறகு தெரிந்தது. நாங்கள் இறங்கி வருவதற்குள் முன்னால் வந்து அதில் உட்கார்ந்துவிட்டிருந்தார். என் மனைவி இரண்டு ஜீனியா வெட்டியதும் மறுபடி தலை சுற்றுகிறது என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கி, "மலை ஏறினா அப்படித்தானுங்க இருக்கும். வாங்கக்கா, சுக்குக் காப்பி வெச்சுத் தாரேன்" என்று வீட்டுக்குள் கூட்டிப்போனார். முக்காலி காலியானது.

நான் தனியாக நின்றேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எவனோ பெரிய ஆள் சொல்லி வைத்திருக்கிறான், அவனுக்குப் போகப்போகிற சரக்கு இது என்று நினைத்தேன். முப்பத்து மூன்று வருடம் கழித்து முதல் தடவையாக மலைக்கு வந்து, வழியெல்லாம் வாந்தி எடுத்த என் மனைவிக்கு இரண்டாம் தரம், எவனோ ஒருவனுக்கு முதல் தரமா என்று நினைத்தேன். ரோஷம் வந்தது. இப்போது நினைத்தால் அந்த ரோஷம்தான் எனக்குப் பெரிய வெட்கமாக இருக்கிறது. ஐந்தையும் வெட்டினேன். தோளில் கிடந்த துண்டில் சுருட்டி, மேலே நின்ற வண்டியின் டிக்கியில் வைத்து மூடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு நல்ல பிள்ளையாகக் கீழே வந்து கூடை நிறைய செண்டுமல்லியும் ஆஸ்டரும் வெட்டினேன்.

கிளம்பும் நேரத்தில் வீட்டுக்காரர் கீழிருந்து கத்திக்கொண்டே ஏறி வந்தார்.

"அஞ்சும் போச்சு புள்ள! விதைக்கு உட்டது அஞ்சும் போச்சு!"

விதைக்கு விட்டது என்ற சொல் என் காதில் விழுந்ததும்தான் அந்தத் துணி எதற்கென்று புரிந்தது. கத்தரிக்காயோ வெள்ளரியோ நன்றாக வந்த ஒன்றை விதைக்கு விட்டு, யாரும் பறித்துவிடாமல் துணி கட்டி வைப்பார்கள் என்று காடு தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. எனக்கு மூட்டைதான் தெரிந்தது.

அவர் என்னிடம் முறையிட்டார். என்னிடம்! "இந்தக் கலரு வேற எங்கயும் இல்லீங்க பாய். எட்டு வருசத்துக்கு முன்னாடி மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால ஒரே ஒரு செடி தானா மொளச்சுது. அதுல விதை எடுத்து, வருசா வருசம் நல்லதாப் பாத்துப் பாத்து விதைக்கு உட்டு, இவ கொண்டாந்த பூவுங்க இது. இதப் பாக்கத்தான் சேலத்துல இருந்து சனம் வாரதே. வெதச்சது போக மிச்சமிருந்த போன வருச விதை டப்பாவுல ஈரம் புடிச்சுப் பூசணம் பூத்துருச்சு. இந்த அஞ்சு கொண்டதான் இருந்துச்சு. இனி எங்க போறது?"

பிறகு மனைவியிடம் திரும்பினார். "உன்னைய அங்கயே உக்காந்திருன்னு சொன்னேனா இல்லியா? எந்திரிச்சு எதுக்குப் போன?"

அந்த அம்மா எழுந்து போனது என் மனைவிக்குச் சுக்குக் காப்பி வைக்க. அது அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கையில் அந்த டம்ளரை வைத்துக்கொண்டு நின்ற என் மனைவிக்கும் தெரியும். அந்த அம்மா எங்கள் வண்டியை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் மனைவியின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

டிக்கியைத் திறந்து, "தப்பு நடந்துபோச்சும்மா, எனக்குத் தெரியல" என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"குரங்கா இருக்கும்" என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்டுல வெட்டு இருக்குதுங்க பாய். குரங்கு கத்திரி புடிக்குமுங்களா?" என்று கேட்டார். குத்திக் காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு அவரே நினைவுபடுத்திக்கொண்டு, காலையில் புல்லட் வண்டியில் ஒரு பையனும் பெண்ணும் வந்து போனார்கள், அவர்கள் வேலையாகத்தான் இருக்கும் என்றார். "இருக்கும், இருக்கும்" என்றேன். முகம் தெரியாத அந்த இரண்டு பேர் தலையிலும் என் திருட்டை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இறங்கும் வழி முழுக்க என் மனைவி அந்த அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "பாவங்க, எனக்காக எந்திரிச்சு வந்து திட்டு வாங்கிச்சு." நான் வளைவுகளில் மட்டும் கவனம் இருப்பதுபோல் ஹாரன் அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கூடையை எடுக்க அவளே டிக்கியைத் திறந்தாள். கூடை பின் சீட்டில் இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் துண்டைப் பிரித்துவிட்டாள். துணியோடு ஐந்து கொண்டை. பூவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்திவிட்டு லேசாகியிருப்பேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் காப்பி வெச்சுக் கொடுத்த நேரத்துலயா?"

ஆமாம் என்றேன்.

"நாளைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்க. நானும் வர்றேன். எனக்கு வாந்தி வந்தாலும் பரவாயில்லை."

திங்கட்கிழமை மிளகாய் லோடு வந்தது. செவ்வாய்க்கிழமையும் ஏதோ ஒரு சாக்கு. உண்மையில் அந்த வீட்டுக்காரர் முன்னால் போய் நிற்கிற தைரியம் எனக்கு வரவில்லை. புதன்கிழமை காலையில், "மலை மேல இருக்கிற கடைகளுக்குச் சரக்கு ஏத்த நம்ம கடைக்கு வர்ற வேன் டிரைவர்கிட்டக் கொடுத்தனுப்பிடறேன். சொல்ல வேண்டியதையும் அவர்கிட்டச் சொல்லிடறேன்" என்றேன். அவள் ஒரு பழைய சேலையை விரித்து, பூக்கள் நசுங்காமல் ஒவ்வொன்றாக அடுக்கிப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

கொடுக்கத்தான் பையோடு கடைக்குப் போனேன். டிரைவரும் வந்தார். அவருக்கு அந்தக் குடும்பத்தை நன்றாகத் தெரியுமாம். "அவங்க பூவெல்லாம் திருட்டுப் போயிருச்சாம், கேள்விப்பட்டீங்களா பாய்? எவனோ புல்லட்காரன்" என்று அவரே ஆரம்பித்தார். என் கை பையைப் பின்னால் தள்ளிவிட்டது. இவர் கையில் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் மலை முழுக்கச் செய்தியாகிவிடும். பேட்டையில் அத்தா காலத்திலிருந்து பேர் வாங்கிய கடை. பூத் திருடிய பாய் என்று என்னைச் சொல்வார்கள்.

வேன் போன பிறகு பையைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக் குப்பைத் தொட்டிக்குப் போனேன். அங்கே எப்போதும் நிற்கிற மாடு பையை இழுத்துச் சரித்தது. ஐந்து கொண்டையையும் அது ஒவ்வொன்றாக மென்று முடிக்கும்வரை நின்று பார்த்தேன். மனைவி விரித்துக் கொடுத்த சேலையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டேன். "கொடுத்துட்டேன்" என்று அன்றைக்கு வீட்டில் சொன்னேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நான் தவறாமல் போகிறவன். பள்ளிவாசலில் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிற பேச்சுதான். அல்லாவுக்குச் செய்த பாவத்தை அல்லா மன்னிப்பான், மனுசனுக்குச் செய்ததை அந்த மனுசன் மன்னித்தால்தான் உண்டு. இத்தனை வருடம் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கடன் வைத்துவிட்டு ஓடியவர்கள் ஞாபகம்தான் வரும். இப்போது அந்த முக்காலி ஞாபகம் வந்தது. ஒருமுறை வீடியோவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். "பூத்தோட்டமுங்க, சொல்லுங்க" என்றது அந்த அம்மாவின் குரல். "ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடையில் மூட்டைக்குத் துணி கட்டும் வழக்கத்தையும் நிறுத்தினேன். "என்ன முதலாளி, துணி கட்டலையா?" என்று கேட்ட ஆளிடம் மூட்டையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னேன். எதற்கு இந்தப் புது வழக்கம் என்று கடை ஆட்களுக்கு இன்றுவரை புரியவில்லை.

சித்திரை வந்தது. சேலத்து வெயில் மண்டையைப் பிளந்தது. "மேல போயிட்டு வரலாமாங்க?" என்றாள் மனைவி. "நாம அனுப்பின பூவுல விதை எடுத்தாங்களான்னு கேக்கணும். அந்தப் பொண்ணு முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கணும். எனக்கு மனசு கேக்கல."

நான்கு மாதத்தில் எத்தனை சாக்குச் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பக்கத்து விதைக்கடையில் இருந்ததிலேயே விலை அதிகமான கோழிக்கொண்டை விதைப் பாக்கெட் இரண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

வீட்டுக்காரர் கீழே ஊருக்குப் போயிருந்தார். அந்த அம்மா மட்டும் ஜீனியாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். என் மனைவி சிரித்தபடி இறங்கினாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"கொண்டாந்தீங்களா?"

"எதை?" என்று என் மனைவி கேட்டாள்.

"பூவைங்கக்கா. அந்த அஞ்சு கொண்டைய."

"அன்னைக்கே வேன்ல கொடுத்தனுப்பினாரேம்மா!"

"எதுவும் வரலீங்களே."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா தான் பேசவேண்டியதைப் பேசினார். குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. "என்ற சேலக் கிழிசல் எனக்குத் தெரியாதுங்களா? டிக்கிக் கதவு இடுக்குல அதோட நுனி நீட்டிட்டு இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு அன்னைக்கு இருந்த கோவத்துக்கு அதைப் பாத்திருந்தா அப்பவே உங்க வண்டியத் தொறந்திருப்பாரு. அக்கா தல சுத்தி நின்னுட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி வேண்டாம்னு வாய மூடிட்டேன். தெரியாம வெட்டியிருப்பீங்க, விதைன்னு காதுல கேட்டீங்கல்ல, கொண்டாந்து குடுத்துருவீங்கன்னு இருந்தேன். வாடிக் காஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுங்க பாய். விதை அந்தக் கொண்டைக்குள்ளதான் இருக்கும். ஒரு கொண்டையில ஒரு கைப்பிடி விதை இருக்கும். ஒண்ணு இருந்தாப் போதும். ஆடியில விதைக்கணும், எப்படியும் வந்துரும்னு அவருகிட்டயும் சொல்லிச் சொல்லி வெச்சிருக்கேன்." கீழே கையைக் காட்டினார். கடைசிப் பாத்தி கொத்தி, மண்ணை உடைத்து, எரு போட்டு வெறுமனே இருந்தது. "பூ எங்கீங்க?"

நான் எத்தனையோ முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து விதைப் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, மேலே இருந்த படத்தைப் பார்த்தார். "இது ஒரு வெள்ளாமைக்குத்தானுங்க. இதுல விதை எடுத்துப் போட்டா இதே மாதிரி வராது. அதுவுமில்லாம இது சிவப்புங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "நம்ம பூ எங்கீங்க?"

"மாடு தின்னுடுச்சும்மா" என்றேன். பிறகு முழுக்கச் சொன்னேன். டிரைவருக்குப் பயந்தது, குப்பைத் தொட்டி, நின்று பார்த்தது எல்லாம். என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "என்னை மன்னிச்சிடும்மா" என்றும் சொன்னேன். அந்த அம்மா திரும்பி, அந்த வெறும் பாத்தியைப் பார்த்தபடி நின்றார்.

என் மனைவிதான் முதலில் அசைந்தாள். "வண்டியில கொட்டியிருக்குமாம்மா? துண்டுல சுருட்டித்தானே வெச்சிருந்தாரு?"

அந்த அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. "கொட்டியிருக்குமுங்கக்கா. முத்தின கொண்டை. தூக்கும்போதே கொட்டும். கருப்பா, பளபளன்னு, பொடிசா இருக்கும்."

டிக்கியைத் திறந்தேன். நான்கு மாதத்தில் இரண்டு தடவை சர்வீஸுக்குப் போய் வந்த வண்டி அது. போனவாரம்கூடக் காற்றடித்துச் சுத்தம் செய்து வாங்கியிருந்தேன். அதை நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் வெளியே எடுத்து வைத்தார்கள். விரிப்பை உரித்து ஒரு வெள்ளை வேட்டியின் மேல் உதறினார்கள். மண்ணும் நூலும் விழுந்தன. என் மனைவி புர்காவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு டிக்கிக்குள் ஒரு முழங்காலை ஊன்றி, தகர மடிப்புகளில் விரல் நுனியை விட்டுத் துழாவினாள். அந்த அம்மா ஒரு கோழி இறகைக் கொண்டுவந்து மூலைகளை மெல்லக் கூட்டினார். கடவுளே, அல்லாவே என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றி முணுமுணுத்துக்கொண்டார்கள்.

"இதோ! இதோ இருக்கும்மா!" என்று கத்தினாள் என் மனைவி. உள்ளங்கையில் ஏழெட்டுக் கருப்பு மணி. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

எனக்கு நான்கடி தள்ளி நின்றபோதே தெரிந்துவிட்டது. நாற்பது வருடம் கையால் அள்ளிப் பார்த்ததை எனக்குத் தெரியாதா? சாம்பிள் பொட்டலங்களை அந்த டிக்கியில்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். எதுவோ கிழிந்து சிந்தியிருக்கிறது.

அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து லேசாகச் சாய்த்தார். மணிகள் உருண்டு விரல் இடுக்கில் போய் நின்றன.

"இது கடுகுங்கக்கா" என்றார்.

என் மனைவி கொஞ்ச நேரம் கையை மூடவே இல்லை. பிறகு அந்தக் கடுகை வேட்டியின் ஓரத்தில் கொட்டிவிட்டு மறுபடி டிக்கிக்குள் குனிந்தாள். அந்த அம்மாவும் இறகை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். நானும் ஒரு கை தேடலாம் என்று அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"நகருங்க" என்றாள் என் மனைவி, திரும்பிப் பார்க்காமல். "வெளிச்சத்தை மறைக்கிறீங்க."